வயிற்றில் அடி, வெளியே கீறல்கூட இல்லை, உள்ளே இரைப்பை கிழிந்திருந்தது – யாருக்காவது இப்படி நடந்ததுண்டா?

வைகைக்கரை:
மூன்று வாரமாக எழுத நினைத்து இன்றுதான் உட்கார்ந்தேன். என் சித்தப்பா மகன், வயது 24. ஊரில் குலசாமி கோயிலில் கிடாவெட்டு. மதியம் இரண்டு மணிக்குப் பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஐஸ்கட்டி வாங்கி வருகிறேன் என்று பைக்கை எடுத்தவன், கண்மாய்க்கரை வளைவில் குறுக்கே வந்த ஆட்டுக்குப் பிரேக் அடித்து முன்னால் சரிந்தான். ஹேண்டில்பார் முனை நெஞ்சுக்குழிக்குக் கீழே குத்தியிருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தான், தலையில் ஒன்றுமில்லை. முழங்கையில் சிராய்ப்பு, வயிற்றில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு, அவ்வளவுதான். தானே எழுந்து, வண்டியை நிமிர்த்தி, ஐஸ்கட்டியும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரத்தில் வயிற்று வலி, வாந்தி. வாந்தியில் லேசாகச் சிவப்பு, வெற்றிலை போட்டதால் என்று நினைத்துக்கொண்டோம். கறியை அள்ளிப் போட்டான், செரிக்கவில்லை என்று சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஒரு பாட்டி குடல் ஏறியிருக்கிறது என்று விளக்கெண்ணெய் தடவி அரை மணி நேரம் நீவிவிட்டார். நாலரைக்குப் பக்கத்து ஊர் கிளினிக் ஒன்றில் வாயுவுக்கு ஓர் ஊசி, வலிக்கு ஓர் ஊசி. வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வலி குறைந்த மாதிரி இருந்தது. ராத்திரி எட்டு மணிக்கு வயிறு பலகை மாதிரி ஆகிவிட்டது, இழுத்து மூச்சுவிட முடியவில்லை, காலை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தான். அப்புறம்தான் 108, ஜி.ஹெச், எக்ஸ்ரே. பதினோரு மணிக்கு ஆபரேஷன் தியேட்டர். இரைப்பையின் முன்பக்கச் சுவரில் ஆறு சென்டிமீட்டர் கிழிசல். வயிற்றுக்குள் சோறும் கறியும் சிதறிக் கிடந்ததாக டாக்டர் சொன்னார்.

பிழைத்துவிட்டான். ஆனால் எனக்கு இன்னும் புரியாதது இதுதான்: தோல் கிழியாமல், எலும்பு உடையாமல், உள்ளே இருக்கிற இரைப்பை மட்டும் எப்படிக் கிழியும்?

குறுக்குக்கேள்வி:
நம்ப முடியவில்லை நண்பரே. இரைப்பை என்ன காகிதமா? ஏற்கெனவே அல்சர் இருந்திருக்கும், அது அன்றைக்கு ஓட்டை விழுந்திருக்கும். அடிபட்டது தற்செயலாக இருக்கலாம் அல்லவா?

கத்திமுனை:
அரசு மருத்துவமனையில் பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். குறுக்குக்கேள்வியின் சந்தேகம் நியாயமானதுதான், அல்சர் ஓட்டையும் இதே மாதிரிதான் வந்து நிற்கும். ஆனால் அல்சர் ஓட்டை பெரும்பாலும் இரைப்பையின் கடைசிப் பகுதியிலோ முன்சிறுகுடலிலோ சின்ன வட்டமாக இருக்கும். ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுவர் பிளந்திருந்தால் அது அடியால் வந்தது.

அபூர்வம் என்பது உண்மை. வயிற்றில் மொத்தலாக அடிபட்டு வருகிறவர்களில் இரைப்பை கிழிந்தவர்கள் 0.02 முதல் 1.7 சதவீதம் என்றுதான் மருத்துவ நூல்களில் வரும். மண்ணீரலும் கல்லீரலும்தான் அதிகம் அடிவாங்கும். இரைப்பை தப்பிப்பதற்குக் காரணங்கள் உண்டு. பாதிக்கு மேல் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது, சுவர் தடித்த தசை, இறுகக் கட்டிவைக்காத பை என்பதால் அடி வரும்போது நழுவிக்கொள்ளும்.

இதெல்லாம் காலி வயிற்றுக்கு. பால் பாக்கெட்டை யோசித்துப் பாருங்கள். பாதி காலியான பாக்கெட் கைதவறி விழுந்தால் சப்பென்று படுத்துக்கொள்ளும். முழுப் பாக்கெட் விழுந்தால் ஓரம் பிளந்து தரையெல்லாம் பால். பை எவ்வளவு அகலமாக உப்பியிருக்கிறதோ அவ்வளவுக்குச் சுவரின் இழுவிசையும் கூடும், லாப்லாஸ் விதி என்று படித்திருப்பீர்கள். விருந்து சாப்பிட்ட இரைப்பையில் ஒரு லிட்டருக்கு மேல் இருக்கும். அந்த நேரத்தில் ஹேண்டில்பார் குத்தினால் மேல் வாயும் கீழ் வாயும் அழுத்தத்தை உடனே வெளியே விட முடியாது, சுவர்தான் கொடுக்க வேண்டும். அது பெரும்பாலும் முன்சுவர். தம்பிக்கு நடந்தது பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரியே நடந்திருக்கிறது. தோல் கிழியாததில் அதிசயம் இல்லை, தோல் வளைந்து கொடுக்கும்.

இந்தக் காரணத்தால்தான் விபத்து கேஸ் வந்தால் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று நாங்கள் கேட்போம். மயக்க மருந்துக்காகக் கேட்கிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அது நோயைக் கண்டுபிடிக்கவும் பாதி துப்பு.

இரவுப்பணி:
கேஷுவாலிட்டி செவிலியர் நான். இதற்கு எங்கள் ஊரில் பழைய பேர் ஒன்று இருக்கிறது: ஊமைக்காயம். வெளியே பேசாது. ரத்தம் ஒழுகிக்கொண்டு வருகிறவனைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், ஓரமாக பெஞ்சில் வெளிறிப்போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை யாரும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு அந்த பெஞ்சுக்காரனைப் பார்த்தால்தான் பயம்.

நான் பார்ப்பது நாடித்துடிப்பு. வலி குறைந்துவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார், நாடி 120 ஓடிக்கொண்டிருக்கும், கை ஜில்லென்று வியர்த்திருக்கும். இளவட்டங்களுக்கு ரத்த அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடித்துவிட்டு ஒரேயடியாக விழும். இன்னொன்று, வயிற்றில் அடிபட்டவர் இடது தோள்பட்டை வலிக்கிறது என்றால் தோளுக்குத் தைலம் தேய்க்காதீர்கள். மண்ணீரல் கிழிந்து கசிந்த ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை உறுத்தினால் அந்த வலி தோளில்தான் தெரியும்.

வைகைக்கரை அண்ணா, அந்த சோடா! வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுத்திருக்கக் கூடாது. கிழிந்த பைக்குள் கேஸோடு ஊற்றிய மாதிரி. வலி ஊசியும்தான், போட்டு அனுப்பியதில் வலி அடங்கி நோய் மறைந்துவிட்டது.

கத்திமுனை:
சகோதரி சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். வலி ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும், அதனால் போடவே கூடாது என்பது நாங்கள் படித்த காலத்துப் பாடம். இப்போது அப்படிச் சொல்வதில்லை, வலியால் துடிப்பவருக்கு மருந்து கொடுத்துவிட்டு வயிற்றை நிதானமாகப் பரிசோதிக்கலாம், கண்டுபிடிப்பது ஒன்றும் கெட்டுவிடாது. கிளினிக்கில் நடந்த தப்பு, வயிற்றில் கையே வைக்காமல் ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பியது.

நடுவில் வலி குறைந்த மாதிரி இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்கு ஊசி மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரைப்பை அமிலம் வயிற்றறையில் கொட்டியதும் முதலில் நெருப்பு வைத்த மாதிரி எரியும். பிறகு வயிற்றறையின் உள்பக்கத்தை மூடியிருக்கிற உறை தானே நீர் சுரந்து அமிலத்தை நீர்க்கச் செய்யும். வலி கொஞ்சம் தணியும். எல்லோரும் நிம்மதியாக மூச்சுவிடுகிற நேரம் அது. அடுத்த சில மணி நேரத்தில் கிருமி பெருகி வயிறு பலகையாகும். சாப்பிட்ட வயிறாக இருந்தால் இன்னும் குழப்பம், உணவு அமிலத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்திவிடும், பதிலுக்குச் சோற்றோடு கிருமியும் போய்ச் சேரும்.

குறுக்குக்கேள்வி:
சரி, அல்சரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேன் எதற்கு இருக்கிறது? பக்கத்து டவுனில் எல்லா இடத்திலும் அல்ட்ராசவுண்ட் இருக்கிறதே, ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாமே.

கத்திமுனை:
இந்த நம்பிக்கை பலபேரை ஏமாற்றியிருக்கிறது. விபத்து வார்டில் அல்ட்ராசவுண்ட் வைத்து நாங்கள் தேடுவது வயிற்றுக்குள் ரத்தமோ நீரோ தேங்கியிருக்கிறதா என்பதை மட்டும்தான். ஏறக்குறைய 200 மி.லி. சேர்ந்தால்தான் கண்ணில் படும். இரைப்பை, குடல் மாதிரிக் காற்று அடைத்த உறுப்பில் ஓட்டையை நேராகக் காட்டுவது அதன் வேலை அல்ல. ஸ்கேன் நார்மல் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மறுநாள் செப்சிஸோடு, அதாவது கிருமித் தொற்று உடம்பெல்லாம் பாதித்த நிலையில், திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் தொப்புளுக்குக் கீழே சின்னதாகத் துளை போட்டு உப்புநீர் விட்டு, திரும்பி வருகிற நீரில் ரத்தமோ உணவுத்துகளோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். 1965-இல் அமெரிக்காவில் ரூட் என்ற அறுவை மருத்துவர் கொண்டுவந்த முறை. இப்போது சி.டி. வந்துவிட்டது. அதில்கூட ஆரம்ப மணி நேரங்களில் குடல் ஓட்டை நழுவிப்போவதுண்டு. கல்லீரல், மண்ணீரல் எல்லாம் நன்றாக இருந்தும் நீர் மட்டும் தேங்கியிருந்தால் எனக்குத் தூக்கம் வராது, எங்கிருந்து வந்தது அது?

இரைப்பையில் ஒரு வசதி, உள்ளே காற்று நிறைய இருக்கும். கிழிந்தால் அது வெளியேறி மேலே ஏறி உதரவிதானத்துக்கு அடியில் பிறை மாதிரி நிற்கும். நிமிர்ந்து உட்காரவைத்து எடுத்த சாதாரண நெஞ்சு எக்ஸ்ரேயிலேயே தெரியும். படுக்கவைத்து எடுத்தால் தெரியாமல் போகலாம். மூக்கு வழியாகப் போடுகிற ரைல்ஸ் குழாயில் ரத்தம் வந்தால் இன்னொரு சாட்சி. இதெல்லாம் போக, ஒரே டாக்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து அதே கையால் அதே வயிற்றை அழுத்திப் பார்ப்பதை மிஞ்சிய கருவி இன்னும் வரவில்லை என்பது என் கட்சி. ஜூனியர்கள் சிரிப்பார்கள்.

வைகைக்கரை:
ஆமாம் டாக்டர், உட்காரவைத்துத்தான் எடுத்தார்கள், அவன் அலறினான். உட்கார வைக்காதீர்கள் என்று நான் ரேடியோகிராபரிடம் சண்டைக்கே போனேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாடிப்போ:
மாவட்ட அளவில் கபடி ஆடியவன், இப்போது பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எங்கள் களத்தில் முட்டி வயிற்றில் ஏறுவது தினசரி சமாச்சாரம். பாடிப் போனவனை மூன்று பேர் ஒரே நேரத்தில் அமுக்கும்போது கீழே கிடப்பவன் வயிற்றில் எவன் முழங்கால் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூச்சு அடைத்துக் கிடப்பான், காலைப் பிடித்து மடக்கி மடக்கி நீட்டுவோம், எழுந்துவிடுவான், குளுக்கோஸ் கொடுத்து மறுபடி இறக்கிவிடுவோம். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. எது சாதாரண மூச்சடைப்பு, எது விவகாரம், எப்படிக் கண்டுபிடிப்பது?

கத்திமுனை:
மூச்சடைப்பு என்றால் உதரவிதானம் ஒரு நிமிடம் இழுத்துப் பிடிக்கிறது. ஓரிரு நிமிடத்தில் முழுதாகச் சரியாகிவிடும், பிறகு வலி கூடாது. விவகாரம் என்றால் நேரம் ஆக ஆகக் கூடும். வலி கூடுகிறதா, வாந்தி வருகிறதா, இருமினாலோ ஓர் எட்டு குதித்தாலோ வயிற்றில் சுரீர் என்கிறதா, வயிறு உப்புகிறதா, முகம் வெளுக்கிறதா? ஒன்று இருந்தால் போதும், களத்தை விட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். அன்றைக்கு மறுபடி இறக்கவே இறக்காதீர்கள். போட்டிக்கு முன் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு வயிறு நிறையச் சாப்பிடவிடாதீர்கள், இது ஆட்டத்துக்கும் நல்லது.

பழையகஞ்சி:
ஹூடினி ஞாபகம் வருகிறது. மந்திரக்காரர். வயிற்றில் எவ்வளவு பலமான குத்தையும் தாங்குவேன் என்று பெயர் வாங்கியவர். 1926 அக்டோபர் 22, மாண்ட்ரியலில் நாடக அரங்கின் ஒப்பனை அறையில் சோபாவில் சாய்ந்திருந்தபோது மெக்கில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், அந்தப் பேச்சு உண்மையா என்று கேட்டுவிட்டு அவர் தசையை இறுக்கிக்கொள்வதற்குள் சரமாரியாகக் குத்திவிட்டார். வலியோடு டெட்ராய்ட்டில் மேடை ஏறினார், காய்ச்சலோடு ஆடினார், அக்டோபர் 31-ஆம் தேதி இறந்தார். இரைப்பை கிழிந்து இறந்தார் என்று நினைக்கிறேன்.

கத்திமுனை:
இரைப்பை அல்ல, குடல்வால் வெடித்து அதனால் வந்த வயிற்றறை அழற்சி. குத்தினால் குடல்வால் வெடிக்குமா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவது, குடல்வால் அழற்சி ஏற்கெனவே ஆரம்பித்திருக்க வேண்டும், வலி குத்தினால் வந்தது என்று அவரும் சுற்றியிருந்தவர்களும் நினைத்து நாளைக் கடத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதையில் ஒன்று இங்கே பொருந்தும். தசையை இறுக்க நேரம் கிடைத்தால் வயிற்றுச் சுவர் கேடயம், எதிர்பாராத அடிக்கு அது வெறும் திரை. வண்டியிலிருந்து விழுகிறவனுக்கு இறுக்க எங்கே நேரம்?

தென்னந்தோப்பு:
இந்த இழையை ராத்திரி ஒரு மணிக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், கை நடுங்குகிறது. என் மகனுக்கு எட்டு வயது. முந்தாநாள் சைக்கிளிலிருந்து விழுந்தான். தொப்புளுக்கு மேலே வளையம் போட்ட மாதிரி கன்றிப்போயிருக்கிறது. நேற்று முழுக்க ஓடி விளையாடினான். இன்று சாயங்காலத்திலிருந்து எதைக் கொடுத்தாலும் வாந்தி, பச்சையாகக்கூட இல்லை, குடித்த பால் அப்படியே வருகிறது. மாமியார் குடல் தட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறார், காலையில் வருவார். அதற்குமுன் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா வேண்டாமா?

இரவுப்பணி:
அக்கா, யாரும் வயிற்றைத் தொட வேண்டாம். இப்போதே கிளம்புங்கள். ஒன்றும் குடிக்கக் கொடுக்காதீர்கள். பதில் எழுதிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் முதலில் அந்த வளையத்தைக் காட்டுங்கள், வாந்தியைப் பிறகு சொல்லுங்கள்.

குறுக்குக்கேள்வி:
குடல் தட்டுவதை இப்படி ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. என் பிள்ளைகள் இரண்டுக்கும் எங்கள் ஊர் ஆத்தா தட்டி வாந்தி நின்றிருக்கிறது, நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குச் செய்தவர்.

இரவுப்பணி:
உங்கள் ஆத்தாவை நான் குறை சொல்லவில்லை. தட்டாமல் விட்டிருந்தாலும் பாதிப் பிள்ளைகளுக்கு வாந்தி நின்றிருக்கும். அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம். அடிபட்ட வயிறு வேறு. உள்ளே சின்னதாகக் கிழிந்த இடத்தை, கொழுப்புத்திரை ஒட்டி மூடியிருக்கும். அதைப் பிடித்து நீவினால் என்ன ஆகும்? விழுந்த பிள்ளையின் வயிற்றை நீவக்கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தென்னந்தோப்பு:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். சி.டி. எடுத்தார்கள். முன்சிறுகுடலின் சுவருக்குள் ரத்தம் கட்டி வழியை அடைத்திருக்கிறதாம். ஆபரேஷன் தேவையில்லை, மூக்கில் குழாய், சிரைவழியாகச் சத்து, ஒன்றிரண்டு வாரத்தில் கட்டி தானாகக் கரையும் என்கிறார்கள். கணையத்துக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், அது சரியாக இருக்கிறது. மாமியார் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

கத்திமுனை:
நல்ல செய்தி. சைக்கிள் ஹேண்டில்பார் குழந்தைகளின் வயிற்றில் குத்தும்போது முன்சிறுகுடலும் கணையமும் முதுகெலும்போடு சேர்ந்து நசுங்கும், ஒன்றிரண்டு நாள் தாமதித்துத்தான் வாந்தி வரும். கைப்பிடி ரப்பர் தேய்ந்து இரும்புக்குழாயின் விளிம்பு வெளியே தெரிகிற சைக்கிள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள், இருபது முப்பது ரூபாய்ச் சமாச்சாரம்.

நாடோடி:
கார் ஓட்டுகிறவர்களுக்கு? சீட் பெல்ட் அழுத்தித்தான் குடல் கிழிகிறது என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றுகிறதே. அதைக் காட்டி என் மைத்துனர் பெல்ட் போடுவதையே நிறுத்திவிட்டார்.

கத்திமுனை:
உங்கள் மைத்துனரை ஒருநாள் எங்கள் வார்டுக்கு அனுப்பிவையுங்கள். பெல்ட் போடாதவர் ஸ்டீயரிங்கை நெஞ்சிலும் வயிற்றிலும் வாங்குவார், இல்லையென்றால் கண்ணாடி வழியாக வெளியே போவார். பெல்ட்டால் இரைப்பையும் குடலும் கிழிவது உண்மைதான், ஆனால் பெரும்பாலும் அது கீழ்ப்பட்டை தொப்பைமேல் ஏறியிருந்தால் வருவது. அந்தப் பட்டை இடுப்பெலும்பின்மீது தாழ்வாக, தொடை தொடங்கும் இடத்தில் இறுக்கமாக இருக்க வேண்டும். சாய்ந்து படுத்துக்கொண்டு பயணம் செய்தால் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். விபத்துக்குப் பிறகு வயிற்றின் குறுக்கே பட்டை வடிவில் கன்றியிருந்தால் நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை, ஒருநாளாவது வைத்துப் பார்ப்போம்.

வைகைக்கரை:
டாக்டர், ஆபரேஷனில் என்ன செய்தார்கள் என்பதை அன்றைக்கு எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. தையல் போட்டோம் என்றார்கள். பிறகு பிரியுமா? கார சாரம் சாப்பிடலாமா? பில் விஷயத்திலும் பயந்துகொண்டே இருந்தோம்.

கத்திமுனை:
நடுவயிற்றைத் திறந்து முதலில் ரத்தம் ஒழுகுகிற இடத்தைத் தேடுவோம், பக்கத்திலேயே மண்ணீரல் இருக்கிறதே. பிறகு கிழிந்த விளிம்பில் நைந்ததை வெட்டிவிட்டு இரண்டு அடுக்காகத் தைப்போம். இரைப்பைக்கு ரத்த ஓட்டம் தாராளம், நன்றாக ஆறும். முன்பக்கம் ஒரு கிழிசலைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக மூடிவிடக்கூடாது, இரைப்பைக்குப் பின்னால் இருக்கிற இடுக்கையும் திறந்து அதன் பின்சுவரைப் பார்க்க வேண்டும். அங்கே கிழிந்திருந்தால் கசிவு ஒரு மூலையில் அடங்கிக் கிடந்து தாமதமாகத்தான் வெளிப்படும். அப்புறம் கழுவுவது. லிட்டர் லிட்டராக உப்புநீர் விட்டு, மூலை முடுக்கெல்லாம். தைக்க இருபது நிமிடம் என்றால் சோற்றுப் பருக்கையைப் பொறுக்க ஒரு மணி நேரம். தம்பிக்கு எட்டொன்பது மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள். ஒரு நாள் தாண்டியிருந்தால் நான் இவ்வளவு தெம்பாகப் பேசியிருக்க மாட்டேன். தையல் இனிமேல் பிரியாது. காரம் ஒரு மாதம் போகட்டும், வெயிட் தூக்குவது மூன்று மாதம் வேண்டாம்.

இரவுப்பணி:
பில் பற்றி: சாலை விபத்து என்றால் இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் ஆரம்பித்தது, முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும். கார்டு எதுவும் காட்ட வேண்டியதில்லை. முதலில் ஒரு லட்சம் வரை என்று வைத்திருந்தார்கள். இன்னொன்று, கேஷுவாலிட்டியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடும்போது வண்டியிலிருந்து விழுந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். லைசென்ஸ் இல்லை, போலீஸ் வரும் என்று பயந்து மாடிப்படியில் வழுக்கினான் என்பார்கள். ஹேண்டில்பார் என்ற ஒரு வார்த்தை கிடைத்தால் நாங்கள் தேடுகிற இடமே மாறும்.

பாடிப்போ:
நேற்றிலிருந்து களத்தில் வயிற்றில் அடிவாங்கியவனை ஓரமாக உட்காரவைத்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை நாடி பார்க்கிறேன். பையன்கள் கேலி செய்கிறார்கள், கோச் ஜோசியம் பார்க்கிறார் என்று.

வைகைக்கரை:
தம்பி இப்போது மூன்று இட்லி சாப்பிடுகிறான், நாலாவதற்குச் சண்டை போடுகிறான். நேற்று அந்தப் பாட்டி பார்க்க வந்தார். சட்டையைத் தூக்கி நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை ஓடுகிற தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, அன்னைக்கு நான் நீவிவிட்டதால்தான் இவ்வளவோடு போச்சு என்றார். நான் வாயைத் திறந்தேன். தம்பி என் கையை அழுத்திவிட்டு, ஆமா பாட்டி என்றான்.